தகாத தமிழ்

ஒரு பரிசுக்குழுவின் அறிக்கையைப் படித்தோம். கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்துக் கதை ஒன்றை ஒதுக்கியதற்குக் காரணம் சொல்லவந்த நடுவர், நல்ல தமிழில் போய்க்கொண்டிருந்தவர், திடீரென ஆங்கிலத்துக்குத் தாவி, அக்கதையின் மொழி இலக்கியத்துக்கு ‘அன்மீட்’ என்கிறார். தகாதது என்றே சொல்லியிருக்கலாம். யாரும் அடித்திருக்க மாட்டார்கள்.

ஆங்கிலேயரே கைவிட்ட சொல் அது. ஷேக்ஸ்பியரிடம் உண்டு, இன்றைய நாளேட்டில் தேடினால் கிடைக்காது. வேர், அளத்தல். அளவுக்குச் சரியாக நிற்பது ‘மீட்’. அதன் எதிர்ச்சொல்லுக்குப் பழைய ஆங்கிலத்தில் அளவிறந்தது, மாபெரியது என்று பொருள். தகாதது என்பது பிற்பாடு ஏறியது. ஆக, நடுவர் அந்தக் கதையை வாயாரப் புகழ்ந்திருக்கிறார்!

அவரை உறுத்தியவை பெரட்டு, கிராணி, ஆயாக்கொட்டாய் என்ற தோட்டத்துச் சொற்கள். ‘பரேடு’ பெரட்டானது குற்றமென்றால், அன்மீட் எந்தச் சங்கத்தில் அரங்கேறியதாம்? நன்னூலில் பவணந்தியார் வழுவை ஏழாக வகுத்தார். கையோடு வழுவமைதியும் சொன்னார். பசுவை உவந்து அம்மை என்றால் திணை வழுதான். ஆனாலும் ஏற்றார். அந்தப் பெருந்தன்மையில் கால்வாசிகூட நம் பரிசுக்குழுக்களிடம் இல்லை.

திணை என்றதும் பழைய பித்து தலைக்கேறுகிறது. மலை என்றால் குறிஞ்சி, உரிப்பொருள் புணர்தல். 1885இல் கேமரன் அளக்க வந்த இந்த மலையில், 1929இல் ரஸ்ஸலின் போ தோட்டம் தொடங்கியது. கங்காணி கூட்டிவந்த சனங்கள் ஊரையும் உறவையும் கடலுக்கு அப்பால் விட்டவர்கள். 1938இல் இந்தியா ஆளனுப்புவதையும் நிறுத்தியது. நிலம் குறிஞ்சி, வாழ்வு பாலை. திணை மயங்குவதைத் தொல்காப்பியர் கடியவில்லை, நடுவர் கடிகிறார்.

இப்போது கொழுந்தை இயந்திரம் வெட்டுகிறது. அதைப் பிடித்திருப்பவர் பெரும்பாலும் வங்காளதேசத்துக்காரர், நேப்பாளி. தோட்டத்துப் பிள்ளைகள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இறங்கிவிட்டார்கள். தோட்டத்துப் பேச்சு இனி ஏட்டில் தங்கினால்தான் உண்டு. அதையும் களையெடுத்துவிட்டு, யாருக்காக இந்தப் பொன்னாடையும் மாலையும்?

ரிங்லெட், தானா ராத்தா, பிரிஞ்சாங் பக்கத்து நண்பர்களே, அடுத்த இதழுக்குக் கதை அனுப்புங்கள். உங்கள் பாட்டி பேசியபடியே எழுதுங்கள். கடைசிப் பக்கத்தில் அருஞ்சொற்பொருள் சேர்க்க வேண்டாம், சேர்த்தால் வெட்டிவிடுவோம்.