காதுக்குச் சட்டம் உண்டு, வயிற்றுக்கு?

வெடிச் சத்தத்துக்கு வரம்பு வேண்டுமா? வேண்டும் என்றே சொல்கிறோம். தொட்டில் பிள்ளையும் நோயாளியும் தூங்க வேண்டாமா? இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வெடிக்கக்கூடாதென்று 2005-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. 2018 அக்டோபரில் தீபாவளிக்கு இரண்டே மணி நேரம் என்றது. சரவெடிக்கும் பேரியம் உப்புக்கும் தடை போட்டது. தமிழ்நாட்டு சர்க்கார் காலையில் ஒரு மணி, மாலையில் ஒரு மணி என்று பங்கிட்டது.

பிறகு நடந்தது என்ன? நவம்பரில் முதலாளிமார் ஆலைகளைப் பூட்டினார்கள். "ஐயோ, தொழிலாளி பட்டினி!" என்று அவர்களே கண்ணீரும் வடித்தார்கள். பூட்டிய கை யாருடையது? நாரணாபுரம் போன்ற கரிசல் கிராமங்களில் மழை பொய்த்துக் காட்டுவேலை அற்றதால் மருந்துக்கூடம் புகுந்தவர்கள் நம் ஜனங்கள். சுமார் நான்கு மாதம் அவர்கள் அடுப்புதான் அணைந்தது. லாபத்தில் பங்கு கேட்டால் "நீ உருப்படிக் கூலி ஆள்". நஷ்டம் வந்தால் "நாமெல்லாம் ஒரே குடும்பம்". இதுவா நியாயம்?

தெருவில் வெடிப்பதை நான்கு மீட்டர் தள்ளி நின்று 125 டெசிபலா என்று அளக்கிறார்கள். 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டி ஆலை வெடித்து முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டார்களே, அந்தச் சத்தத்தை எந்தக் கருவி அளந்தது?

தோழர்களே! அமைதி கேட்கும் ஊர்க்காரர் நமக்கு எதிரியல்ல. விதி மாறினால் செலவை லாபம் தின்றவன் ஏற்கட்டும். பூட்டிய நாளுக்குக் கூலி, புதுரகப் பட்டாசுக்குப் பயிற்சி, மருந்து அறையில் கண்டிப்பான சோதனை! ஒன்றாக நின்று கேட்போம்!