வண்டியில் பதினேழு பேர்



சென்ற இதழை அச்சுக்கு அனுப்பிய மறுநாள் கொச்சிக்குப் போயிருந்தேன். மட்டாஞ்சேரியில் தையல்கடை வைத்திருக்கும் நம் நெடுநாள் வாசகர் ஒருவர் போனில் கூப்பிட்டிருந்தார். "சார், நம்ம பசங்க மலப்புரத்துக்கு கப் ஆடப் போறாங்க. வண்டியில ஒரு சீட் காலியா இருக்கு. வர்றீங்களா?" இந்தக் கேள்விக்கு மறுப்புச் சொல்ல மனம் வரவில்லை. சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு பஜார் ரோட்டில், ஏலக்காயும் சுக்கும் மணக்கும் பழைய பண்டகசாலைகளுக்கு முன்னால், ஒரு டெம்போ டிராவலரில் ஏறிக்கொண்டேன். ஆட்டக்காரர்கள் பத்துப் பேர். ஆதரவாளர்கள் பயிற்சியாளரையும் என்னையும் சேர்த்து ஏழு பேர்.

அந்த டீமுக்கு எந்த லீக்கிலும் இடம் கிடையாது. மட்டாஞ்சேரிப் பையன்களும் பக்கத்து ஃபோர்ட் கொச்சியில் 'வெளி' என்ற பகுதியின் தமிழ்ப் பையன்களும் சேர்ந்து ஆடுகிறார்கள். டச்சுக்காரர்கள் காலத்தில் துணி வெளுக்க அழைத்து வரப்பட்ட தமிழ்க் குடும்பங்களின் வழிவந்தவர்கள் அந்தப் பகுதியில் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுடைய தோபிகானாவைப் பார்க்கப் போனால் பொழுது போவது தெரியாது. கஞ்சி போட்ட துணியை முறுக்கிய இரட்டைக் கயிற்றின் இடுக்கில் செருகிவிடுகிறார்கள். எந்தக் காற்றுக்கும் அது விழுவதில்லை, கிளிப்பும் தேவையில்லை. டீமின் மஞ்சள் ஜெர்சிகள் அங்கிருந்துதான் தேய்த்து மடித்து வந்தன. கொடுத்தனுப்பிய அம்மா வண்டிக்குள் எட்டிப் பார்த்து, "ஆட்டம் முடிஞ்சதும் எம்பையனை ஒரு போன் போடச் சொல்லுங்க சார். ஜெயிச்சாலும் தோத்தாலும் போடணும்" என்றார்.

கொச்சியில் கால்பந்துக்குப் பெரிய பெயர்கள் உண்டு. கேரளம் முதன்முதலாக தேசியப் போட்டியான சந்தோஷ் டிராபியை வென்றது 1973 டிசம்பரில், எர்ணாகுளம் மகாராஜாஸ் கல்லூரி மைதானத்தில். இறுதி ஆட்டத்தில் ரயில்வேயை 3-2 என்று வீழ்த்தியபோது மூன்று கோலும் கேப்டன் மணி அடித்தவை. அந்த டீமின் பயிற்சியாளர் நம் தமிழ்நாட்டுக்காரர், 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஆடிய சைமன் சுந்தர்ராஜ். இது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? பிறகு 1997-ல் எஃப்.சி. கொச்சின் பிறந்தது. பிறந்த வருடமே மோகன் பகானைத் தோற்கடித்து டுராண்ட் கோப்பையைக் கொண்டுவந்தது. சில வருடங்களிலேயே பணமில்லாமல் மூடப்பட்டது. 2014 முதல் கேரளா பிளாஸ்டர்ஸ். அவர்கள் வெளியூரில் ஆடினால் மஞ்சள் சட்டைக் கூட்டம் ரயிலேறிப் போகிறது, டி.வி.யும் காட்டுகிறது. எங்கள் வண்டியைக் காட்ட எந்த கேமராவும் வரவில்லை.

தோப்பும்படி பாலம் தாண்டி, இடப்பள்ளி வழியாகக் கடற்கரைச் சாலையைப் பிடித்தோம். பறவூர், கொடுங்கல்லூர், சாவக்காடு, பொன்னானி. கொடுங்கல்லூரைக் கடக்கும்போது சேரர்களின் முசிறித் துறைமுகம் இந்தப் பக்கம்தான் என்று பின்சீட்டுப் பையன்களிடம் சொன்னேன். "அப்ப நம்ம ஆளுங்கதான் சார்" என்று ஒருவன் சந்தோஷமாகச் சொன்னான். குற்றிப்புறம் பாலத்தின் மேல், ஆனைமலைத் தண்ணீரும் கலந்து ஓடிவரும் பாரதப்புழை மணல்திட்டாகக் கிடந்ததைப் பார்த்து எல்லோரும் சற்று நேரம் பேசாமல் வந்தோம். சாவக்காட்டிலிருந்தே நாங்கள் வந்துகொண்டிருந்தது பழைய மலபார். 1956 வரை அது சென்னை மாகாணத்தில் இருந்த மாவட்டம். ஃபோர்ட் கொச்சியும் அதே மாவட்டத்தோடு சேர்ந்திருந்தது. அடுத்த தெருவான மட்டாஞ்சேரி கொச்சி ராஜாவுக்கு உரியது. அந்தக் கணக்கில், வண்டியில் இருந்த பையன்களின் தாத்தாக்கள் இரண்டு அரசுகளின் குடிகள்.

பையன்கள் ஆடப் போனது செவன்ஸ். அதுபற்றி 'சூடானி ஃப்ரம் நைஜீரியா' படம் பார்த்தவர்களுக்குக் கொஞ்சம் தெரிந்திருக்கும். ஒரு பக்கம் ஏழு பேர்தான். அறுவடை முடிந்த வயலையோ பள்ளிக்கூட மைதானத்தையோ சுற்றி, பாக்கு மரத்தையும் மூங்கிலையும் கட்டி கேலரி எழுப்புவார்கள். நவம்பர் வாக்கில் தொடங்கி மழைக்கு முன்பு வரை ராத்திரி ஆட்டம். புள்ளிப் பட்டியல், அடுத்த வாரம் என்பதெல்லாம் அங்கே இல்லை. தோற்றால் வண்டியேற வேண்டியதுதான். ஐவரி கோஸ்ட், கானா, நைஜீரியாவிலிருந்து வரும் வீரர்களைப் பெரிய டீம்கள் சம்பளம் பேசி இறக்குகின்றன. மட்டாஞ்சேரிப் பையன்களுக்கு அந்த வசதி இல்லை. வண்டி வாடகையையே பதினேழு பேரும் பங்கிட்டுத்தான் கொடுத்தோம்.

வளாஞ்சேரிக்கு அப்பால் அந்த மைதானம். எட்டரை மணிக்கு ஆட்டம். கேலரியில் நின்றிருந்த ஆயிரக்கணக்கானவர்களில் எங்களுக்காகக் கத்தியவர்கள் ஏழே ஏழு பேர். முதல் பத்து நிமிடத்தில் இரண்டு கோல் வாங்கினோம். இரண்டாவது, கானாக்காரர் ஒருவர் தோளால் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து இடது காலால் அடித்தது. நல்ல கோல், குறை சொல்ல முடியாது. இடைவேளையில் பயிற்சியாளர் திட்டவில்லை. எலுமிச்சைத் துண்டுகளைக் கொடுத்து, "பந்தை தரையில வைங்கடா" என்றார், அவ்வளவுதான். இரண்டாம் பாதியில் தரையிலேயே ஆடினார்கள். நான்கு பாஸ், ஐந்தாவது தட்டு வலைக்குள். 2-1. அந்த நிமிடம் எங்கள் ஏழு பேர் குரலும் எங்களுக்கே பெரிதாகக் கேட்டது. தையல்கடைக்காரர் பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத மலப்புரத்து முதியவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அவரும் தட்டிக் கொடுத்தார்.

சமன் செய்ய முடியவில்லை. கடைசிப் பத்து நிமிடம் எங்கள் கோலி ஒருவனே தடுத்தான். ஒருமுறை கம்பத்தை ஒட்டி வந்த பந்தை விரல்நுனியால் தள்ளினான். உள்ளூர்க் கேலரியே எழுந்து கை தட்டியது. பார்வையாளர் ஒருவர் அவனுக்கு ஐந்நூறு ரூபாய் அன்பளிப்புத் தருவதாக ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். தோற்ற டீமின் கோலிக்கு எதிரணி ஊர்க்காரர் தரும் பணம்! கால்பந்தைத் தெரிந்த ஊர் அது.

ஒன்றைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. 2022 மார்ச்சில் இதே மலப்புரம் மாவட்டத்தில், காளிகாவு அருகே பூங்ஙோட்டில் செவன்ஸ் கேலரி சரிந்து ஏராளமானவர்கள் காயப்பட்டார்கள். நான் நின்ற பலகையும் கூட்டம் குதித்தபோது ஆடியது. ஆட்டத்தை நடத்துகிறவர்கள் பந்தை வாங்குமுன் கேலரியின் முடிச்சுகளைப் பொறியாளர் ஒருவரிடம் காட்டிவிட வேண்டும். இவ்வளவு அன்போடு வருகிற கூட்டத்துக்கு அது செய்ய வேண்டிய மரியாதை.

திரும்பும் வழியில் ஒரு சாயாக்கடையில் நிறுத்தினார்கள். கோலி அம்மாவுக்கு போன் போட்டான். "தோத்துட்டோம்மா. ஆனா நல்லா ஆடினோம்." மறுமுனையில் என்ன சொன்னார்களோ, சிரித்தான். நான் நோட்டை எடுத்து எதிரணியின் பெயர், கோல் விவரம், எங்களுக்கு கோல் அடித்தவன் பெயர் எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டேன். அப்போது பயிற்சியாளர் சொன்னது என்னை உலுக்கியது. இருபது வருடமாக டீம் நடத்துகிறார். இதுவரை யாரும் ஒரு ஆட்டத்தைக்கூட எழுதி வைத்ததில்லையாம்.

எழுதி வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கதை. இங்கிலாந்தில் 1871-ல் தொடங்கிய எஃப்.ஏ. கோப்பையில், லீக்கில் இல்லாத ஹியர்ஃபோர்ட் என்ற சிறிய நகரத்தின் டீம் 1972 பிப்ரவரியில் நியூகாசிலை 2-1 என்று சாய்த்தது. சேற்று மைதானத்தில் ரானி ராட்ஃபோர்ட் தொலைவிலிருந்து அடித்த அந்தக் கோலை அரை நூற்றாண்டு கழித்தும் பேசுகிறார்கள். ராட்ஃபோர்ட் தச்சு வேலை பார்த்தவர். அன்று யாரோ படம் பிடித்தார்கள், யாரோ எழுதினார்கள், அதனால் நமக்குத் தெரிகிறது. நம் பையன்கள் அடித்த ஐந்தாவது தட்டு கோலும் அதே போல் அழகானதுதான். ஒலிபெருக்கி ஓய்ந்ததும் அதுவும் ஓய்ந்துவிட்டது.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். குமரிக் கடற்கரைத் தூத்தூரிலும் சென்னை வியாசர்பாடியிலும் யாழ்ப்பாணத்துக் குருநகரிலும் பாசையூரிலும் மன்னாரிலும் இருக்கும் உங்களில் எத்தனையோ பேர் ஊர் டீமோடு வேன் ஏறிப் போயிருப்பீர்கள். ஒரே ஒரு பயணத்தை எழுதி அனுப்புங்கள். எந்த ஊரில் ஆடினீர்கள், யார் கோல் அடித்தார், வண்டியில் யார் யார் இருந்தார்கள், வழியில் எங்கே சாப்பிட்டீர்கள். அஞ்சலட்டையாக இருந்தாலும் போதும். தோற்ற ஆட்டமாக இருந்தால் தயங்க வேண்டாம். வருகிற இதழிலிருந்து அவற்றுக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். முதலாவதாக வருவது மட்டாஞ்சேரி டீமின் 2-1.

அன்புடன்,
ஆசிரியர்