ஒதுங்கியவர்கள் அவர்கள் அல்ல

2022 டிசம்பர் 15-ஆம் தேதி மக்களவையும் 22-ஆம் தேதி மாநிலங்களவையும் ஒரு மசோதாவை நிறைவேற்றின. அடுத்த மாதமே அது சட்டமானது. நரிக்குறவர், குருவிக்காரர் சமூகங்கள் தமிழ்நாட்டின் பழங்குடியினர் பட்டியலில் சேர்ந்தன. புதுக்கோட்டையில் நாமும் அந்தச் செய்தியைப் பேப்பரில் படித்தோம், நல்ல காரியம் என்றோம், பக்கத்தைத் திருப்பினோம். அந்த ஒரு வரிக்காக அவர்கள் எத்தனை காலம் காத்துக் கிடந்தார்கள், அத்தனை காலமும் நாம் எங்கே இருந்தோம் என்று கேட்டுக்கொள்ளவில்லை. இப்போதாவது கேட்டாக வேண்டும்.

1950-இல் வந்த பட்டியலில் அவர்கள் பெயர் இல்லை. சேர்க்கலாம் என்று, பட்டியலைத் திருத்துவது பற்றி ஆராய மத்திய அரசு அமைத்த லோகூர் குழு 1965-இல் பரிந்துரைத்தது. நாடாளுமன்றக் கூட்டுக்குழுவும் 1967-இல் அதையே சொன்னது. 2013-இல் கொண்டுவந்த மசோதா நிறைவேறவில்லை. 2016-இல் கொண்டுவந்ததும் நிறைவேறவில்லை. முதல் பரிந்துரைக்கும் சட்டத்துக்கும் இடையில் 57 ஆண்டுகள் ஓடிவிட்டன. அந்தக் காலத்தின் பிற்பகுதி முழுக்க, வீட்டில் தங்கள் மொழியான வாக்ரிபோலியைப் பேசி, பள்ளிக்கு வந்து தமிழ் எழுத்தைத் தொட்ட பிள்ளை, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் நூற்றுக்கும் மேற்பட்ட சாதிகளோடு போட்டி போட வேண்டியிருந்தது. நிலமும் சங்கமும் சட்டமன்ற உறுப்பினரும் உள்ள சாதிகள் அதில் உண்டு. அந்தப் பிள்ளை தோற்றதை நாம் 'படிப்பு ஏறலை' என்று எழுதி முடித்தோம்.

டில்லியைக் குறை சொல்வது சுலபம். ஆனால் கோப்பு தானாக நகராது, யாராவது தள்ள வேண்டும் என்பது நமக்கு நன்றாகவே தெரியும். போராடத் தெரியாத மாவட்டமா இது? 2017-இல் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து நெடுவாசலில் நாள்கணக்கில் உட்கார்ந்தோம். 1991-இல் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கத்தில் ஊர் ஊராகப் போனோம், ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் ஓட்டினார்கள், நாடே திரும்பிப் பார்த்தது. அந்தக் கதையை இன்றும் மேடைதோறும் சொல்கிறோம். நாம் சொல்லும் கதையில் நரிக்குறவர் குடியிருப்பு ஒன்றுகூட வருவதில்லை. அதைக் கவனிக்கவும் இல்லை.

ஒரு சமூகம் பழங்குடியா என்று பார்க்க லோகூர் குழு ஐந்து அடையாளங்களைச் சொன்னது. தொன்மையான வாழ்முறை, தனித்த பண்பாடு, புவியியல் ரீதியான ஒதுக்கம், வெளியாரோடு பழகத் தயக்கம், பின்தங்கிய நிலை. இவற்றில் ஒதுக்கத்தையும் தயக்கத்தையும் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் வைத்துப் பார்ப்போம். தரையில் துணி விரித்து ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். மெல்லிய கம்பியில் ஒரு பாசி கோக்கிறாள், குறடால் கம்பியை வளைத்துக் கொக்கி போடுகிறாள், மிச்சத்தை நறுக்குகிறாள், அடுத்த பாசியை எடுக்கிறாள். நிமிராமலே விலை சொல்கிறாள், வாங்காதவர்களையும் கூப்பிடுகிறாள். அவளிடம் தயக்கம் எதுவும் இல்லை. பிறகு அவள் பஸ் ஏறுகிறாள். பக்கத்து இருக்கை காலியாக இருக்க, நாம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். ஆயிரம் பேர் நடமாடும் இடத்தில் ஒரு சமூகத்தைத் தனித்தீவாக்க மலையோ காடோ தேவைப்படவில்லை. நாம் போதுமாக இருந்தோம்.

அவர்கள் அடித்துக் கொண்டுவந்த காடையையும் கௌதாரியையும் வாங்கித் தின்றோம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இல் வந்தபோது, காலங்காலமாகச் செய்த தொழில் குற்றமாகிப் போனது. மாற்றுத் தொழிலுக்கு என்ன வழி என்று வாங்கித் தின்றவர்கள் கேட்கவில்லை. தேர்தல் வந்தால் மை வைத்த விரலோடு அவர்களைப் படம் எடுத்துப் போட்டோம். வீட்டுமனைப் பட்டா கேட்டு அவர்கள் மனுவோடு நின்ற நாள்களில் நமக்கு வேறு செய்திகள் இருந்தன. சினிமாவில் அவர்களைப் போல வேஷம் கட்டி ஆடியபோது கைதட்டினோம். 2007-இல் ஐ.நா. பொதுச்சபை பழங்குடி மக்களின் உரிமைப் பிரகடனத்தை ஏற்றது, இந்தியாவும் ஆதரித்து வாக்களித்தது. உலகப் பழங்குடியினர் நாளான ஆகஸ்ட் 9 வந்தால் அமேசானைப் பற்றியும் ஆஸ்திரேலியாவைப் பற்றியும் கூட்டம் போடுகிறோம். கூட்டம் நடக்கும் மண்டபத்துக்கு வெளியே பாசி விற்பவரை உள்ளே அழைத்ததில்லை.

கூட நிற்பதால் என்ன ஆகும் என்பதற்கு வாச்சாத்தி இருக்கிறது. 1992 ஜூனில் தருமபுரி மாவட்டத்து அந்த மலைக்கிராமத்தில் அரசு ஊழியர்கள் நடத்திய வெறியாட்டத்தை, தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் இடதுசாரிகளும் விடாமல் நீதிமன்றம் வரை கொண்டுபோனார்கள். 2011-இல், உயிரோடு இருந்த குற்றவாளிகள் 215 பேருக்கும் தண்டனை கிடைத்தது. 2023-இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. சாட்சி சொன்ன பெண்களின் துணிவுதான் அந்த வழக்கின் உயிர். ஆனால் அவர்களைத் தனியாக விடாதவர்களும் இருந்தார்கள். நரிக்குறவர் கோரிக்கைக்கும் சிலர் துணை நின்றார்கள், ஊர் நிற்கவில்லை. அந்த ஊர் நாம்தான்.

சட்டம் வந்துவிட்டதால் நம் கடன் தீர்ந்துவிடவில்லை. பழங்குடிச் சான்றிதழைத் தாசில்தார் தர முடியாது, கோட்டாட்சியர்தான் தர வேண்டும். அந்த அலுவலகப் படியில் பிள்ளையோடு காத்திருக்கும் தாய்க்கு மனு எழுதிக் கொடுக்க நம்மில் எத்தனை ஆசிரியர்கள், எத்தனை வழக்கறிஞர்கள் தயார்? திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்துக்கு அவர்களோடு போவோம், அவர்கள் சார்பில் நாமே பேசிவிடாமல். பட்டாவும் சுடுகாட்டுப் பாதையும் கிராம சபைத் தீர்மானத்தில் ஏறுகிறதா என்று பார்ப்போம். வகுப்பில் அந்தப் பிள்ளையைக் கடைசி பெஞ்சிலிருந்து முன்னே உட்கார வைப்போம்.

இன்னொன்றும் மாறியிருக்கிறது. 1989-இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இப்போது அவர்களுக்கும் காவல். 2021-இல் மாமல்லபுரத்துக் கோயில் அன்னதானப் பந்தியில் உட்கார விடாமல் ஒரு நரிக்குறவப் பெண்ணை எழுப்பி அனுப்பியபோது, அவருக்கு அந்தக் காவல் இல்லை. அந்தச் சட்டம் கண்காணிப்பது வேறு யாரையும் அல்ல, பந்தியில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்த நம்மை. அதைத் தெரிந்துகொண்டு, தண்டனைக்குப் பயந்து அல்லாமல் வெட்கப்பட்டுத் திருந்துவோம்.