இரண்டு கைகளால் நீட்டும் அட்டை

ஜப்பானிய நிறுவனங்களில் வேலைக்குத் தயாராகும் நம் பிள்ளைகளுக்கு, மொழியோடு சேர்த்து 'வணிக நாகரிகம்' என்றும் ஒரு வகுப்பு எடுக்கிறார்கள். பெயர் அட்டையை இரண்டு கைகளாலும் நீட்ட வேண்டும். எழுத்து வாங்குபவரைப் பார்த்திருக்க வேண்டும். வாங்கியவர் அதைப் படிக்க வேண்டும், பின்பாக்கெட்டில் செருகக் கூடாது. கூட்ட அறையில் வாசலுக்குத் தொலைவான இருக்கை பெரியவருக்கு, வாசலோரம் இளையவருக்கு. தெரிந்துகொள்ள வேண்டியவைதான். ஆனால் இதே வகுப்பில் சொல்லப்படும் இன்னொரு வரிதான் எங்களை உறுத்துகிறது: "அங்கே சாதியெல்லாம் கிடையாது, எல்லாரும் ஒரே இனம்."

கிடையாதா தோழர்களே?

எடோ காலத்தில் மாட்டை அறுத்தவர்கள், தோலைப் பதப்படுத்தியவர்கள், பிணத்தைக் கையாண்டவர்கள் தீட்டானவர்கள் என்று தனிக் குடியிருப்புகளில் ஒதுக்கப்பட்டார்கள். அவர்களுக்கு இட்ட பெயர்களில் ஒன்று 'ஹினின்', அதாவது மனிதரல்லாதவர். (இதற்கு மேல் விளக்கம் நமக்குத் தேவையில்லை.) 1871இல் அரசாணை இந்தப் பட்டங்களை ஒழித்தது. பட்டம் போனது, குடியிருப்பு போகவில்லை. 'புராக்கு' என்ற சொல்லுக்குக் குக்கிராமம் என்றுதான் பொருள். நம் ஊரில் 'சேரி' என்ற சொல் என்னவாக ஆக்கப்பட்டதோ, அதுவாகவே அங்கே அது ஆனது. புராக்கு மக்கள் நிறத்திலோ மொழியிலோ மற்றவர்களிடமிருந்து வேறுபட்டவர்கள் இல்லை. முகவரிதான் அவர்களைக் காட்டிக்கொடுத்தது. ஒவ்வொரு ஜப்பானியக் குடும்பத்துக்கும் அரசுப் பதிவேட்டில் பூர்விக முகவரி ஒன்று உண்டு.

1975இல் ஒரு புத்தகம் அம்பலத்துக்கு வந்தது. நாடெங்கும் உள்ள 5,000க்கும் மேற்பட்ட புராக்குக் குடியிருப்புகளின் பெயர், இருக்கும் இடம், வீடுகளின் எண்ணிக்கை, மக்கள் செய்யும் தொழில் எல்லாம் அதில் இருந்தன. அது கடைகளில் விற்கப்படவில்லை, நிறுவனங்களுக்கு ரகசியமாக விற்கப்பட்டது. 200க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் வாங்கியிருந்தன, அவற்றில் பெரும் பெயர்களும் உண்டு. வேலை கேட்டு வரும் இளைஞரின் ஊர் இந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக வாங்கினார்கள். அட்டையை இரண்டு கைகளால் வாங்கும் அதே அலுவலகங்கள்தான் இவை.

ஆனால் அங்கே மக்கள் சும்மா இருக்கவில்லை. புராக்கு இயக்கம் 1922இல் கியோட்டோவில் தொடங்கிய சுய்ஹெய்ஷா அமைப்பின் வழிவந்தது. புத்தகம் வாங்கிய நிறுவனங்களைக் கூட்டத்தில் நிறுத்திக் கேள்வி கேட்டது. அதற்கு முன்பே, இயக்கத்தாரும் பள்ளி ஆசிரியர்களும் போராடியதால், 1973இல் பள்ளி முடித்து வேலை தேடுவோருக்கு நாடு முழுவதற்கும் ஒரே விண்ணப்பப் படிவம் வந்தது. நிறுவனங்கள் தாங்களே படிவம் அச்சடித்து எதையும் கேட்கும் வழக்கத்தை அது முடித்துவைத்தது. பூர்விக முகவரி, பெற்றோரின் தொழில், குடும்பச் சொத்து ஆகியவற்றைக் கேட்கக் கூடாது என்பது இன்று தொழிலாளர் அமைச்சகத்தின் வழிகாட்டுதல். வம்சத்தைத் துப்பறியும் தொழிலைக் கட்டுப்படுத்தி ஒசாகா 1985இல் விதி கொண்டுவந்தது. 2016இல் நாடு முழுவதற்கும் சட்டம் வந்தது. பாகுபாடு ஒழிந்துவிட்டது என்று நாங்கள் சொல்லவில்லை. குடியிருப்புப் பட்டியல் இணையத்தில் ஏற்றப்பட்டு, வழக்கு 2023இல் டோக்கியோ உயர் நீதிமன்றம் வரை போனது.

இங்கே யாரும் ரகசியமாகப் புத்தகம் வாங்க வேண்டியதில்லை. "சொந்த ஊர் எது? ஊருக்குள்ளேயா, வெளியேயா? அப்பா என்ன செய்கிறார்?" மூன்று கேள்விகளில் வேலை முடிந்துவிடும். சுரிந்தர் ஜோத்கா, கேத்தரின் நியூமன் இருவரும் இந்திய நிறுவனங்களின் மனிதவள மேலாளர்களிடம் பேசி 2007இல் எழுதிய கட்டுரையைப் படித்துப் பாருங்கள். தகுதி ஒன்றுதான் முக்கியம் என்று சொல்லும் மேலாளர்கள், குடும்பப் பின்னணியைக் கேட்பதையும் இயல்பானதாகவே சொல்கிறார்கள்.

ஆகவே ஜப்பானிடம் கற்க வேண்டிய வணிக நாகரிகம் ஒன்று இருக்கிறது, அதை அந்த வகுப்பில் சொல்லித் தருவதில்லை. அடுத்த வளாகத் தேர்வுக்கு வரும் விண்ணப்பத்தைக் கவனியுங்கள். 'தந்தையின் தொழில்', 'பூர்வீகம்' என்ற கட்டங்கள் இருந்தால், நிரப்புவதற்கு முன் படம் எடுத்து வையுங்கள். இது எதற்கு என்று வேலைவாய்ப்புப் பிரிவுக்கு எழுத்தில் கேளுங்கள், தனியாக வேண்டாம், பத்துப் பேராகக் கையெழுத்திட்டு. வந்திருப்பது ஜப்பானிய நிறுவனம் என்றால் இன்னொன்றையும் சேர்த்துக் கேளுங்கள்: உங்கள் நாட்டில் கேட்கக் கூடாத கேள்வியை எங்கள் ஊரில் எப்படிக் கேட்கிறீர்கள்?