வேற்றுக்கோளில் உயிர் இருந்தால் மதம் ஒழிந்துவிடுமா?

"வேற்றுக்கோளில் ஓர் உயிர் கிடைத்த அன்றே மதங்கள் மூட்டை கட்டிவிடும்." புதிய கோள் பற்றிய செய்தி வரும்போதெல்லாம் ஏதாவதொரு மேடையில் இந்த வசனம் முழங்கும், கைதட்டலும் விழும். அறிவியலின் பெயரால் இதைச் சொல்கிறவர்கள் ஒருமுறையாவது சோதித்துப் பார்த்திருக்க வேண்டாமா?

சோதனை எப்போதோ நடந்துவிட்டது. பல உலகங்களில் உயிர் உண்டு என்று நம்புகிறவன் கிறித்தவனாகவும் இருக்க முடியாது என்று 1794-லேயே தாமஸ் பெய்ன் வாதிட்டார். 1817-இல் கிளாஸ்கோ போதகர் தாமஸ் சால்மர்ஸ் பல உலகங்களையும் ஏற்றுக்கொண்டு, கிறித்தவத்தையும் விடாமல், தம் வானியல் பிரசங்கங்களை நூலாக்கினார். ஓராண்டுக்குள் அது பல பதிப்புகள் கண்டது. 1835 ஆகஸ்டில் நியூயார்க்கின் 'சன்' நாளிதழ், நிலாவில் வௌவால் சிறகுள்ள மனிதர்களை வானியலாளர் ஜான் ஹெர்ஷல் தொலைநோக்கியில் பார்த்துவிட்டதாகத் தொடர் எழுதியது. முழுப் பொய்தான், ஆனாலும் ஏராளமானோர் நம்பினார்கள். நம்பியிருந்த நாட்களில் எந்தத் தேவாலயத்தை இழுத்துப் பூட்டினார்கள்? 1900-இல் பாரிசில் குஸ்மான் பரிசு அறிவிக்கப்பட்டது. வேற்றுலகத்தோடு தொடர்புகொள்பவருக்கு 1,00,000 பிராங்க். செவ்வாய்க்கு மட்டும் கிடையாது, அது மிகச் சுலபமாம்! செவ்வாயில் ஆள் இருப்பதை இவ்வளவு உறுதியாக நம்பிய தலைமுறை ஞாயிறுதோறும் பூசைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தது.

பல உலகங்கள் உண்டு என்ற புருனோவை 1600-இல் எரித்தார்களே என்பார்கள். எரித்தது கொடுமைதான். ஆனால் பிற விண்மீன்களிலும் உயிர்கள் இருக்கலாம் என்று 1440-லேயே எழுதிய கூசாவின் நிக்கோலஸ், பின்னர் கர்தினால் ஆனார்.

மதம் என்றாலே கிறித்தவம் மட்டும்தான் என்ற நினைப்பு வேறு. வானங்களிலும் பூமியிலும் பரப்பப்பட்ட உயிர்களைப் பற்றிக் குர்ஆன் (42:29) பேசுகிறது. நம் மாணிக்கவாசகரின் திருவண்டப்பகுதியில் அண்டங்கள் கணக்கில் அடங்காதவை. இவற்றை ஓதுகிறவர்களை எந்த நுண்ணுயிர் வந்து திடுக்கிட வைக்கும்?

என் கோபத்துக்கு இன்னொரு காரணம் உண்டு. அந்த உயிரால் நம் கடவுளுக்கு என்ன ஆகும் என்று மட்டுமே இந்த வசனம் கேட்கிறது. நம்மால் அந்த உயிருக்கு என்ன ஆகும் என்று கேட்பதில்லை. வியாழனின் நிலவான யுரோப்பாவில் நம் கிருமி தொற்றிவிடக் கூடாது என்று 2003-இல் கலிலியோ விண்கலத்தை வியாழனுக்குள் வீழ்த்தினார்கள். சனியின் நிலவுகளுக்காக அதே எச்சரிக்கையோடு 2017-இல் காசினி விண்கலத்தைச் சனிக்குள் வீழ்த்தினார்கள். நம் ஆய்வுச் சான்று கெட்டுவிடக் கூடாது என்பது இதற்கு ஒரு காரணம், நியாயமான காரணம். ஆனால் அங்கே ஒரு நுண்ணுயிர் இருந்தால், தனக்காகவே வாழ அதற்கு உரிமை உண்டா என்பதை எந்தக் கருவியும் அளந்து சொல்லாது. அமெரிக்கப் பழங்குடிகளை எப்படி நடத்துவது என்று 1550-இல் ஸ்பெயினின் வல்லடோலிட் நகரில் சமய அறிஞர்களான லாஸ் காசாசும் செபுல்வேடாவும் மோதினார்கள். கண்ணெதிரே நின்ற மனிதர்களைப் பற்றியே அவ்வளவு வழக்கு நடந்தது. யுரோப்பாவின் பனிக்கடியில் இருக்கக்கூடிய உயிருக்காக அப்படி வழக்காட அறிவியலாரும் சமய அறிஞர்களும் ஒரே மேசையில் உட்கார வேண்டியிருக்கிறது. அந்த மேசையிலிருந்து ஒரு தரப்பை முன்கூட்டியே விரட்டும் வேலையைத்தான் இந்த வசனம் செய்கிறது.