விளக்குமாத்துக்குப் பட்டுக்குஞ்சம்

குளிர்கால ஒலிம்பிக்ஸ் வந்துட்டாப் போதும், நம்மாளுங்க வாட்ஸப்ல ஒரு ஜோக் கிளம்பிடும். கர்லிங் ஆடுற பொண்ணுங்க ரெண்டு பேர் ஐஸ் தரையைப் பரபரன்னு தேய்ச்சுக்கிட்டு இருக்கற படம். கீழே, "எங்க வீட்டு வேலைக்காரம்மாவை அனுப்பியிருந்தா தங்கமே வாங்கியிருப்பாங்க". அதுக்கும் கீழே வரிசையா சிரிப்பு பொம்மைங்க.

போன வாரம் என் பள்ளிக்கூட நண்பர்கள் குழுவுல இது மறுபடி வந்துச்சு. இந்தத் தடவை ஒலிம்பிக்ஸ் கூட இல்லை, ஜூனியர் உலக கர்லிங் போட்டியோட பழைய வீடியோ ஒண்ணு. 21 வயசுக்குக் கீழ உள்ளவங்க ஆடுறது. வீடியோவுல பசங்களும் தேய்க்கறாங்க, பொண்ணுங்களும் தேய்க்கறாங்க. ஜோக் மட்டும் பொண்ணுங்களுக்கு! பசங்களைப் பாத்து ஏன்டா யாரும் ஒண்ணும் சொல்லலைன்னு கேட்டேன். "ஜோக்குடா, விட்றா"ன்னு பதில். விட முடியலை. அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் சூடாத்தான் இருக்கும், பொறுத்துக்கோங்க மக்களே.

முதல்ல அந்தத் 'தரை தேய்க்கிறது' என்னன்னு பாத்துடுவோம். கிட்டத்தட்ட 20 கிலோ கருங்கல். அதைத் தள்ளிவிடறவங்க கால் ஊன்றுற இடத்துலேர்ந்து எதிர்ப்பக்க வட்டத்தோட நடு சுமார் 38 மீட்டர் தள்ளி இருக்கு. ஐஸ் கண்ணாடி மாதிரி வழுவழுன்னு இருக்காது. வேணும்னே தண்ணித் துளி தெளிச்சு, சின்னச் சின்னப் பொரியா உறைய வெச்சிருப்பாங்க. கல்லைச் சுழற்றி விட்டா அது வளைஞ்சு போகும். (வீட்ல ஒரு டம்ளரைக் கவுத்து வெச்சுச் சுழற்றித் தள்ளிப் பாருங்க. சுழற்சிக்கு எதிர்ப்பக்கம் வளையும். கர்லிங் கல் சுழற்சி போற பக்கமே வளையும். ஏன்னு இயற்பியல்காரங்களுக்குள்ள இன்னிக்கும் அடிதடிதான்.) கல்லு கையை விட்டுப் போனப்புறம் அதை யாரும் தொடக்கூடாது. அதுக்கப்புறம் அதோட தலையெழுத்தை மாத்த முடியறது அந்தத் துடைப்பம் ஒண்ணாலதான். தேய்ச்சா ஐஸ் லேசாச் சூடாகும், உராய்வு குறையும், கல்லு இன்னும் கொஞ்சம் தூரம் போகும், வளைவும் குறையும். எப்போ ஆரம்பிக்கணும், எவ்வளவு அழுத்தணும், எப்போ நிறுத்தணும்னு முடிவு பண்றதெல்லாம் ஓடிக்கிட்டே. கல்லோட வேகத்தைக் கணிக்கறது பெரும்பாலும் பக்கத்துல ஓடுற அந்தப் பெருக்கறவங்க வேலைதான்.

நம்ம ஊர்ல ஒரு சொலவடை இருக்கே, விளக்குமாத்துக்குப் பட்டுக்குஞ்சம்னு. கேவலமான பொருளுக்கு அலங்காரம் எதுக்குங்கற நக்கல். கர்லிங்ல நிஜமாவே அந்தக் குஞ்சத்துக்காகத்தான் ஊரே ரெண்டுபட்டுச்சு. 2015ல புது வகைத் துணி போட்ட துடைப்பங்கள் வந்தப்போ, கல்லை இஷ்டத்துக்குத் திருப்ப முடியுதுன்னு ஆட்டக்காரங்களே கொதிச்சு எழுந்தாங்க. 2016ல கனடாவுல விஞ்ஞானிகளையும் ஆட்டக்காரங்களையும் உக்கார வெச்சுச் சோதனை பண்ணி, கடைசியில துடைப்பத்துத் துணிக்கே உலகக் கூட்டமைப்பு விதி போட வேண்டியதாச்சு. அவ்வளவு நுணுக்கமான சமாச்சாரத்தைத்தான் நம்மாளு ஒரு வரியில வேலைக்காரம்மாவுக்கு அனுப்பிட்டான்.

சரி, இப்போ என் நிஜமான எரிச்சலுக்கு வரேன்.

உலகத்துல எந்த மூலைக்குப் போனாலும் வீட்டுத் துடைப்பத்தைப் பொம்பளை கையிலதான் குடுத்து வெச்சிருக்கோம். ஆனா அதே துடைப்பத்துக்குப் பதக்கம்னு வந்தப்போ யாரு முதல் வரிசையில நின்னது தெரியுமா? ஆம்பளைங்க! ஜூனியர் ஆண்களுக்கான உலகப் போட்டி 1975ல டொராண்டோவுல ஆரம்பிச்சுது. ஜூனியர் பெண்களுக்கு? 1988ல. முழுசா 13 வருஷம் கழிச்சு. பெரியவங்க கதையும் அதேதான். ஆண்களுக்கு 1959, பெண்களுக்கு 1979. இதுல ஒரு வேடிக்கை பாருங்க. 1924ல பிரான்ஸ்ல சாமொனி ஊர்ல முதல் குளிர்கால ஒலிம்பிக்ஸ் நடந்தப்போ கர்லிங் இருந்துச்சு, ஆம்பளைங்களுக்கு மட்டும். ஜூனியர் பெண்களோட முதல் உலகப் போட்டி நடந்ததும் அதே சாமொனியிலதான். நடுவுல 64 வருஷம்.

"அந்தக் காலத்துல ஆடற பொண்ணுங்களே இல்லை சார், யாரை வெச்சு நடத்தறது"ன்னு யாராவது பின்னூட்டத்துல வருவீங்கன்னு தெரியும். வாங்க. கனடாவுல ஜூனியர் பெண்களுக்குத் தேசியப் போட்டி 1971லயே ஆரம்பிச்சாச்சு. அதாவது பசங்களுக்கு உலகப் போட்டி வெச்ச 1975ல, பொண்ணுங்க நாலு வருஷமா தேசிய அளவுல ஆடிக்கிட்டு இருந்தாங்க. "உடல் பலம்"னு அடுத்த ஆள் வருவார். கல்லோட எடை ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான். ஐஸோட நீளமும் ஒண்ணுதான். குண்டு எறியறதுல பெண்களுக்கு எடையைக் குறைக்கறாங்க, ஈட்டியையும் குறைக்கறாங்க. இங்க ஒரு கிராம் குறைக்கலை. ஆம்பளை அழுத்தித் தேய்ச்சா கல்லு இன்னும் போகும், அதனால தனித்தனிப் போட்டின்னு சொன்னா ஒத்துக்கறேன். தனியா வெக்கறதுக்கு அது காரணம். வெக்காமலே 13 வருஷம் இருந்ததுக்கு அது காரணம் இல்லை.

இது என்ன பெரிய விஷயம், பசங்க ஆட்டம்தானேன்னு நினைக்காதீங்க. 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்ஸ்ல ஆண்கள் தங்கம் வாங்கின ஸ்வீடன் அணித்தலைவர் நிக்லாஸ் எடின், 2004ல ஜூனியர் உலகச் சாம்பியன். அதே பெய்ஜிங்ல பெண்கள் தங்கம் வாங்கின பிரிட்டன் அணித்தலைவி ஈவ் முயர்ஹெட், ஜூனியர் உலகப் பட்டத்தை 4 தடவை ஜெயிச்சவங்க. பதினெட்டு வயசுல வெளிநாட்டு ஐஸ்ல, கேமரா முன்னாடி, கடைசிக் கல்லு போட்டுப் பழகறது இந்தப் போட்டியிலதான். அந்த ஏணிப்படி 1975லேர்ந்து பசங்களுக்கு இருந்துச்சு. 1988க்குள்ள 21 வயசைத் தாண்டின பொண்ணுங்களுக்கு அது கடைசி வரைக்கும் கிடைக்கவே இல்லை. அவங்கள்ல யாரு எடினா ஆகியிருப்பாங்கன்னு யாருக்குத் தெரியும்?

1989லேர்ந்துதான் ரெண்டு பிரிவும் ஒரே ஊர்ல, சேர்ந்தாப்ல நடக்குது. அது நல்ல ஏற்பாடு, குறை சொல்ல மாட்டேன்.

இன்னொரு கதை சொல்லிடறேன். தென்கொரியாவுல உய்சொங்னு ஒரு ஊர். பூண்டுக்குப் பேர் போனது. அங்க ஒரு கர்லிங் அரங்கம் கட்டினாங்க, பள்ளிக்கூடப் பொண்ணுங்க பொழுதுபோக்கா ஆட வந்தாங்க. அதுல கிம் கியோங்-ஏ தலைமையில 2014 ஜூனியர் உலகப் போட்டியில வெள்ளி. 2018 ஒலிம்பிக்ஸ்ல அவங்களும் அவங்க அக்கா யோங்-மியும் இருந்த அணிக்கு வெள்ளி. அக்கா யோங்-மி முக்கியமாப் பெருக்கறவங்க. தேய்க்கச் சொல்லி அணித்தலைவி "யோங்-மீ...!"ன்னு தொண்டை கிழியக் கத்தினது நாடு முழுக்கப் பரவி, சின்னப் பசங்கள்லாம் தெருவுல கத்திக்கிட்டுத் திரிஞ்சாங்க. துடைப்பம் பிடிச்ச பொண்ணோட பேரு ஒரு நாட்டுக்கே தெரிஞ்சுது.

குழுவுல அந்த நண்பன்கிட்ட இதைச் சொல்லிட்டு, "உங்க வீட்டு வேலைக்காரம்மா பேர் என்னடா?"ன்னு கேட்டேன். "அக்கான்னுதான் கூப்பிடுவோம்"னான். எத்தனை வருஷமா வராங்கன்னு கேட்டேன். எட்டு வருஷமாம்.

(ரொம்பப் பேசக்கூடாது. எங்க வீட்ல நான் துடைப்பம் எடுத்தது கொரோனா சமயத்துல நாலு மாசம். அதுவும் மூலை முடுக்கெல்லாம் விட்டுட்டுத்தான் பெருக்கறேன்னு தங்கமணி பின்னாடியே மறுபடி பெருக்குவாங்க.)

டிஸ்கி: கல்லு ஏன் சுழற்சிப் பக்கமே வளையுதுன்னு புரியற மாதிரி தமிழ்ல விளக்கத் தெரிஞ்ச பதிவர் யாராவது இருந்தா ஒரு எதிர்ப்பதிவு போடுங்க. எனக்குப் படிச்சது பாதி புரியலை.