வெப்பமும் விழிப்பும்

வெப்பம் வலியைத் தணிக்கும் என்பது பாட்டியின் ஒத்தடம் முதல் மருத்துவமனைக் கருவிகள் வரை கண்டறிந்த உண்மை. அகச்சிவப்பு விளக்கின் வெம்மை தோலையும் அதனை அடுத்த பகுதியையும் எட்டுகிறது. 27.12 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் இயங்கும் சிற்றலை டயதெர்மியோ தசையின் ஆழத்திலேயே வெப்பத்தை உண்டாக்குகிறது. குருதியோட்டம் பெருகுகிறது, இறுகிய தசை தளர்கிறது.

ஆயினும், இச்சிகிச்சையில் வெப்பத்தின் அளவுகோல் எது? பெரிதும் நோயாளியின் உணர்ச்சியே! "இதமாக இருக்கிறதா?" என்று கேட்டுத்தான் சிகிச்சையாளர் வெப்பத்தைக் கூட்டுகிறார், குறைக்கிறார். நீண்டநாள் நீரிழிவால் பாதங்கள் மரத்துப்போனவரிடம் அந்த அளவுகோலே பழுதுபட்டுவிடுகிறது. வெந்நீர்ப்பை சுடுவதை அவர் அறியார். கொப்புளம் புண்ணாகும், ஆறாத புண் காலையே பறிக்கவும் கூடும். இதயமுடுக்கி பொருத்தியோர்க்கு டயதெர்மி அறவே ஆகாது.

மின் ஒத்தடப்பை இன்று கடைகளில் எளிதாய்க் கிடைக்கிறது. பெற்றோர்க்கு அதனை வாங்கித் தருவது அன்பு. அதற்கு முன், அவர்தம் பாதங்களில் உணர்ச்சி குன்றாதிருக்கிறதா என மருத்துவரிடம் காட்டி அறிவது கடமை. கடமையை முந்திய அன்பு காயத்தில் முடியலாம். மாணவச் செல்வங்களே, முதலில் பாதங்களைப் பாருங்கள். பிறகு பையைச் சூடாக்குங்கள்!